கறுத்த வெள்ளிக்காசு: கை வைக்கலாமா, வேண்டாமா?

கறுத்த பழைய வெள்ளிக்காசைத் துலக்கலாமா என்று யார் கேட்டாலும், காசைப் பார்க்காமலே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அதுவே சரியான பதிலாக இருக்கும். மிச்சமிருக்கும் சில காசுகளுக்குத்தான் யோசனை தேவை.

முதலில் அந்தக் கறுப்பு என்னவென்று தெரிய வேண்டும். அது வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அல்ல. காற்றில் மிகச் சிறிதளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஈரத்தின் துணையோடு வெள்ளியைத் தாக்கி அதை வெள்ளி சல்ஃபைடாக மாற்றுகிறது. இந்தச் சேர்மத்தின் எடையில் 87 விழுக்காடு வெள்ளிதான். அத்தனையும் காசிலிருந்து போனது. ஆகவே கறுப்பை எடுப்பது என்றால் காசின் மேல்தோலை எடுப்பது என்றே பொருள். படலம் மெல்லியதாக இருந்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தடித்த கறுப்பை எடுத்தால் அடியில் அரிக்கப்பட்ட சொரசொரப்பான பரப்புதான் வெளியே வரும். அந்தச் சேதம் ஏற்கெனவே நடந்தது. அதைக் கறுப்பு மூடிக்கொண்டிருந்தது.

பார்த்து முடிவெடுப்பது

தேவையானவை அதிகமில்லை: 5 முதல் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கு, கீழே விரிக்க மெத்தென்ற துணி. குழல் விளக்கின் பரவிய வெளிச்சத்தில் கீறல்கள் தெரியாது. காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கையுறை போட்டால் நைட்ரைல் கையுறை; லேட்டெக்ஸ் ரப்பரில் கந்தகம் இருப்பதால் அது வேண்டாம். முதல் வேலையாக இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காசை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். நாணயச்சாலையில் அச்சு விழும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து நுண்ணிய வரிகளை விட்டுச்செல்கிறது. புழக்கத்துக்குப் போகாத காசைச் சாய்த்தால் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களாகச் சுழல்வது இந்த வரிகளால்தான். காசின் மதிப்பில் பெரும்பங்கு இந்த வரிகளில் இருக்கிறது. தேய்ப்பதும் அமிலமும் முதலில் அழிப்பதும் இவற்றைத்தான். ஒருமுறை போனால் எந்த மெருகாலும் திரும்பாது.

சாய்க்கும்போது கறுப்பையோ நிறத்தையோ ஊடுருவி அந்த ஒளி சுழல்கிறதா? அப்படியானால் படலம் மெல்லியது, அடியிலுள்ள பரப்பு நலமாக இருக்கிறது. அந்தக் காசைத் தொடாதீர்கள். பரப்பு முழுதும் செத்த கறுப்பாக, ஒளி எங்குமே நகராமல் இருந்தால் படலம் தடித்துவிட்டது. அதையும் எடுத்தால் நல்லது கிடைக்கப்போவதில்லை என்பதால் அங்கும் பதில் பெரும்பாலும் ‘வேண்டாம்’தான். துலக்கலாமா என்று யோசிக்க இடம் இருப்பது நடுவில் நிற்கும் காசுகளில்: அடியில் ஒளி இருக்கிறது, ஆனால் மேலே அசிங்கமான திட்டுத்திட்டான பழுப்பு.

நிறமும் செய்தி சொல்லும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறுகிறது: வெளிர்மஞ்சள், பொன், செம்பழுப்பு, செவ்வூதா, நீலம். இன்னும் தடித்தால் மஞ்சளிலிருந்து மறுபடி ஒரு சுற்று வரும். கடைசியில் சாம்பலும் கறுப்பும். இது சாயம் அல்ல. எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதற்குக் காரணமான அதே ஒளிக் குறுக்கீடு. படலத்தின் தடிமனோ தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இயற்கையாக நிறமேறிய காசில் இந்த வரிசை மாறாமல், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மெல்லக் கலந்து போகும். மஞ்சளுக்குப் பக்கத்திலேயே இடைநிறம் எதுவுமின்றி அடர்நீலம் நின்றால், யாரோ கந்தகம் காட்டி நிறமேற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இயற்கையான நிறச்சுழல் உள்ள காசுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அதைத் துலக்கி வெள்ளையாக்குபவர் விலையை நிறத்தோடு சேர்த்துக் கழுவிவிடுகிறார்.

எந்தக் காசு, என்ன வெள்ளி

பழைய காசுகள் கலப்பற்ற வெள்ளியில் அச்சடிக்கப்பட்டவை அல்ல. மென்மையான வெள்ளியைக் கடினமாக்கச் செம்பு சேர்ப்பார்கள். ஸ்டெர்லிங் எனப்படும் கலவையில் வெள்ளி 92.5 விழுக்காடு, பல நாடுகளின் காசுகளில் 90, பிற்காலத்தில் சிலவற்றில் 50. பிரிட்டன் 1920-இல் 92.5-லிருந்து 50-க்கு இறங்கியது. இந்தக் குறைந்த தரக் காசுகளில் கவனம் அதிகம் வேண்டும். அச்சடிக்கும் முன் வெற்றுத் தகட்டை அமிலத்தில் நனைத்து மேற்பரப்பிலுள்ள செம்பைக் கரைத்துவிடுவார்கள். அதனால் மேலே வெள்ளி மிகுந்த மெல்லிய தோல் ஒன்று நிற்கும். அந்தத் தோலைத் தேய்த்துவிட்டால் உள்ளிருக்கும் மஞ்சள் சாயல் திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும்.

வெள்ளிதானா என்றே உறுதியில்லாத காசை எதிலும் முக்காதீர்கள். காசை எடை போட்டு, பிறகு மெல்லிய நூலில் தொங்கவிட்டு நீருக்குள் மூழ்கிய நிலையில் எடை போடுங்கள். முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.5, ஸ்டெர்லிங்குக்கும் 90 விழுக்காட்டுக்கும் 10.3-ஐ ஒட்டி வரும். 8.5 முதல் 9-க்குள் வந்தால் அது பித்தளையோ செம்பு-நிக்கலோ, மேலே வெள்ளிப் பூச்சு. பூச்சுக் காசை வெள்ளி துலக்கும் திரவத்தில் போட்டால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

காசின் நிலையைப் பொறுத்தும் பதில் மாறும். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடங்கள் வெளிறியும் பள்ளங்கள் கறுத்தும் இருக்கும். எழுத்தும் உருவமும் எடுப்பாகத் தெரிவது அந்த வேறுபாட்டால்தான். துலக்கினால் எல்லாம் ஒரே சுண்ணாம்பு வெள்ளை. தேய்மானம் அப்படியே இருக்க, நிறம் மட்டும் நேற்று அச்சடித்ததைப் போல இருப்பதைப் பார்த்தவுடனே தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம்பிரிக்கும் நிறுவனங்கள் துலக்கிய காசுக்கு 70 புள்ளி அளவுகோலில் எண் தராமல், ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்போடு தனி வகையில் வைத்துவிடுகின்றன.

வெள்ளி எடைக்கு மட்டுமே விலைபோகும் முதலீட்டுக் காசு, நகையாகக் கொக்கி வைத்துப் பற்றவைத்த காசு, ஏற்கெனவே துளையிட்டது ஆகியவற்றில் இழக்கச் சேகரிப்பு மதிப்பு ஏதுமில்லை. பளபளப்பு வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம். ஆனால் 999 தர (99.9 விழுக்காடு வெள்ளி) நவீனக் காசுகளில் தோன்றும் பால் நிற வெண்புள்ளிகள் சல்ஃபைடு அல்ல. கறுப்பு நீக்கும் திரவம் அவற்றை ஒன்றும் செய்யாது.

கட்டாயம் எடுக்க வேண்டியவை

கறுப்பு பெரும்பாலும் அவசரமில்லாதது. அவசரமானது பச்சை. வளைந்துகொடுக்கும் மெத்தென்ற பிவிசி உறைகளில் வருடக்கணக்கில் கிடந்த காசில் பசபசப்பான பச்சைப் படலமோ புள்ளிகளோ தோன்றும். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் மென்மையூட்டியும் குளோரின் சேர்மங்களும் காசிலுள்ள செம்பைத் தாக்குவதன் விளைவு அது. விட்டுவைத்தால் அரிப்பு தொடர்ந்து பள்ளம் விழும். இதோடு செல்லோடேப் பசை, விரல் எண்ணெய், மெழுகு, பழைய சேகரிப்பாளர் பூசிய வார்னிஷ் ஆகியவையும் சேரும். வார்னிஷ் மஞ்சளடித்துப்போனால் அசல் நிறமேற்றம் போலவே ஏமாற்றும். லென்ஸில் தூரிகை வரிகளும் விளிம்பில் உரிந்த ஓரமும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாமே காசுக்கு அந்நியமானவை. இவற்றை எடுப்பதால் வெள்ளி ஓர் அணுவும் போகாது. இதற்கான திரவம் தூய அசிட்டோன். அது வெள்ளியோடும் வெள்ளி சல்ஃபைடோடும் வினைபுரிவதில்லை. கரிமப் பிசுக்கை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் மணமும் நிறமும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள், அவை காசில் தங்கிவிடும்.

அசிட்டோன் மிக எளிதில் தீப்பிடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழான வெப்பநிலையிலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் இல்லாத, காற்று வீசிப்போகும் இடத்தில் வேலை செய்யுங்கள். பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். தெர்மோகோல் கிண்ணம் கரைந்து கூழாகிவிடும். பல பிளாஸ்டிக்குகள் இளகி அந்தப் பிசுக்கே காசில் ஏறும்.

முதலில் காய்ச்சி வடித்த நீரில் காசை அரை மணி நேரம் ஊறவிட்டால் உப்பும் மண்ணும் இளகும். குழாய்நீரில் குளோரின் இருப்பதால் கடைசிக் கழுவல் எப்போதும் வடித்த நீரில்தான். நீர் வடிந்ததும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி, கிண்ணத்தின் அடியில் காசைக் கிடத்தி மூடிவைக்கவும். விரல் எண்ணெய்க்கு ஐந்து நிமிடம், பிவிசி பச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை, வார்னிஷுக்கு இரவு முழுக்க. நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஒரு காசு மட்டும், இரண்டு உரசினால் கீறல். இளகாத இடத்தில் பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து, தேய்க்காமல் உருட்டி எடுக்கலாம். பிறகு இரண்டாவது கிண்ணத்திலுள்ள புதிய அசிட்டோனில் ஒரு நிமிடம் அலசுங்கள். இந்த இரண்டாம் அலசலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் கிண்ணத்தில் கரைந்த பிசுக்கு அசிட்டோன் உலர்ந்ததும் காசெங்கும் மெல்லிய பனிப்படலமாக மறுபடி படிவது அதனால்தான்.

எடுத்த காசை விளிம்பில் பிடித்து வடியவிட்டு, மையொற்றும் தாளில் சாய்த்து வையுங்கள். துடைக்க வேண்டாம், சில நொடிகளில் தானாக உலரும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் ஒரு தொல்லை உண்டு: அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது காசு சில்லிட்டு, அதன்மேல் நீராவி குளிர்ந்து வெண்மையாகப் பூக்கும், உலர்ந்தபின் புள்ளி விடும். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எல்லாம் முடிந்தபின் பச்சை போன இடத்தில் சிறு குழிகள் தெரியலாம். அசிட்டோன் அவற்றை உண்டாக்கவில்லை. பழைய கைரேகையும் இப்படித்தான். புதிது என்றால் போய்விடும், வருடம் ஆனது உலோகத்திலேயே பதிந்திருக்கும்.

கறுப்பையே எடுத்தாக வேண்டுமென்றால்

மேற்சொன்னவற்றைச் செய்தபின் பாதிக் காசுகள் பார்க்கச் சகிக்கும்படி ஆகிவிடும், அங்கேயே நிறுத்திவிடலாம். அப்படியும் ஆகாத, அடியில் ஒளி உறுதியாகத் தெரிகிற காசுக்கு மட்டும் வெள்ளி துலக்கும் ‘டிப்’ திரவம். அது தயோயூரியாவும் அமிலமும் கலந்தது. சல்ஃபைடைக் கரைக்கும்; அதைக் கரைத்து முடித்ததும் சும்மா இருக்காது, ஒளியைச் சுழற்றும் அந்த நுண்வரிகளையும் மழுக்கத் தொடங்கும்.

கைகளுக்கு நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த சன்னல். மதிப்பில்லாத ஒரு காசில் முதலில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். காசில் எண்ணெய் இருந்தால் திரவம் திட்டுத்திட்டாக வேலை செய்யும் என்பதால் முதலில் அசிட்டோன் அலசல் முடிந்திருக்க வேண்டும். திரவம் ஒரு பங்குக்கு வடித்த நீர் நான்கைந்து பங்கு கலந்து, பிளாஸ்டிக் முனை உள்ள இடுக்கியால் காசின் விளிம்பைப் பிடித்து இரண்டு மூன்று நொடி முக்கி எடுத்து, உடனே ஓடும் நீரில் ஒரு நிமிடம் கழுவுங்கள். பாருங்கள். போதாதென்றால் இன்னொரு முறை. பிறகும் இருண்ட திட்டு நின்றால் விட்டுவிடுங்கள். ஒரு திட்டுக்காகத் தொடர்ந்து முக்கினால் சுற்றியுள்ள இடமெல்லாம் ஒளியிழந்து பால்வெள்ளையாகும். முடிவில் வடித்த நீரில் அலசி, கடைசியாகப் புதிய அசிட்டோனில் ஒருமுறை. கழுவலில் கஞ்சம் பிடித்தால் எழுத்துகளின் இடுக்கில் தங்கிய அமிலம் சில மாதங்களில் பழுப்புப் புள்ளிகளாக வெளிவரும்.

செம்புக் காசை முக்கி எடுத்த திரவத்தில் வெள்ளியை முக்காதீர்கள். கரைந்திருக்கும் செம்பு வெள்ளிமேல் படியக்கூடும். பயன்படுத்தி முடித்த டிப் திரவத்தையும் அசிட்டோனையும் தனித்தனிப் புட்டிகளில் மூடிவைத்து இரசாயனக் கழிவாகக் கொடுங்கள், தொட்டியில் கொட்ட வேண்டாம்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்த்துச் செய்யும் முறை எல்லாரும் அறிந்தது. அதில் வெள்ளி போகாது, சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகவே மாறுகிறது என்பதைச் சொல்லி அதைப் பரிந்துரைப்பார்கள். மாறுவது உண்மைதான், அப்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் விடுபடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆனால் திரும்பி வரும் வெள்ளி பழைய இடத்தில் பழைய வரிகளாக உட்காருவதில்லை. நுண்துளைகளுள்ள மங்கலான படிவாக நிற்கும், சீக்கிரமே மறுபடி கறுக்கும். தேக்கரண்டிக்கு நல்ல முறை. காசுக்கு அல்ல.

பற்பசை, பற்பொடி, சாம்பல், உலோக மெருகுத் துணி எல்லாம் அராவும் பொருள்கள். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும், எத்தனை வருடமானாலும் நிற்கும். புளிப்பான சாறு எதுவானாலும் முதலில் செம்பைத் தின்னும். குறைந்த தரக் காசு சொரசொரப்பாகும். மீயொலித் தொட்டி வேண்டாம், அதிர்வில் காசு தொட்டியின் அடியில் குலுங்கித் தேயும். அம்மோனியாவைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை: வெள்ளிச் சேர்மங்கள் கரைந்த அம்மோனியாக் கரைசலை வைத்திருந்தால், அதில் தொட்டாலே வெடிக்கும் படிவு உண்டாகலாம். வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

மண்ணிலிருந்து எடுத்த காசு

இது தனி வகை. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளியின் மேல் சாம்பலும் ஊதாவும் கலந்த, மெழுகு போன்ற அடுக்கு இருந்தால் அது வெள்ளி குளோரைடு. சல்ஃபைடுக்குச் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. பச்சைக் களிம்பு உள்ளிருக்கும் செம்பு கசிந்ததன் அடையாளம். மேலும் பழைய வெள்ளி உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். செம்பு தனியே பிரிந்து படிகங்களின் எல்லையோரம் அரிப்பு ஓடியிருக்கும். பார்க்க முழுசாக இருக்கும் காசு இரண்டு விரல் அழுத்தத்தில் பிஸ்கட்டாக உடைவது இதனால்தான். வடித்த நீரில் கிடத்தி, நாள்தோறும் நீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மென்தூரிகையால் தள்ளலாம். அதோடு நிறுத்துங்கள். கெட்டியான மேலோட்டை எடுப்பது தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநர் நுண்ணோக்கியில் செய்யும் வேலை. புதையலாகக் கிடைத்ததென்றால் மண்ணோடே வையுங்கள்: காசுகள் கிடந்த ஒழுங்கு, ஒட்டியிருக்கும் துணி நார் எல்லாமே சான்று. அந்த இடத்தின் சட்டப்படி அறிவிக்கவும் வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே துலக்கிவிட்ட காசு

கந்தகம் காட்டி மறுபடி கறுப்பேற்றும் யோசனை வரும். விற்கும்போது அது மோசடி; விற்காவிட்டாலும் நிறம் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும். சாதாரணக் காகித உறையில் போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டால் சில வருடங்களில் வெள்ளை அடங்கிச் சாம்பல் படரும். கீறல் மறையாது, கண்ணை உறுத்துவது குறையும்.

இனி கறுக்காமல் வைப்பது

கந்தகத்தையும் ஈரத்தையும் தள்ளிவைப்பதுதான் முழு வேலை. ரப்பர் வளையம், கம்பளித் துணி, மலிவான அட்டை, தோல் பை இவற்றோடு வெள்ளியை வைக்காதீர்கள். ரப்பர் வளையம் தொட்ட இடத்தில் கோடு கோடாகக் கறுக்கும். பாலியெஸ்டர் உறையோ கெட்டியான அக்ரிலிக் கூடோ நல்லது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, கந்தகத்தை உறிஞ்சும் தாள் ஒன்று. இரண்டுக்கும் ஆயுள் உண்டு, மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

கையிலிருக்கும் உறை பிவிசியா என்று தெரியவில்லையா? காசை வெளியே எடுத்துவிட்டு உறையின் மூலையைச் சிறிது வெட்டுங்கள். செம்புக் கம்பியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, அந்தத் துண்டைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் உறையில் குளோரின் இருக்கிறது. புகை நல்லதல்ல, வெளியில் வைத்துச் செய்யுங்கள், அசிட்டோன் புட்டி அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. பச்சை தெரிந்துவிட்டால் அதே கட்டு உறைகளில் இருக்கும் மற்றக் காசுகளையும் அன்றைக்கே வெளியே எடுத்து, லென்ஸில் பார்த்து, பசபசப்பு இருப்பவற்றை மட்டும் அசிட்டோனுக்கு ஒதுக்குங்கள். மற்றவை உறை மாறினால் போதும்.